ரிசர்வ் விலை எட்டப்படாத பல் நாற்காலி

பல் பிடுங்க ஒரு நாற்காலி வேண்டும். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. வக்கீல் நின்றுகொண்டு வாதாடலாம், வாத்தியார் நடந்துகொண்டு பாடம் நடத்தலாம். ஆனால் ஒரு மனிதனைச் சுவரில் சாய்த்து நிற்கவைத்து அவன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால் அதற்குப் பெயர் வைத்தியமல்ல, அடிதடி. நாற்காலி சாய வேண்டும், ஏற வேண்டும், இறங்க வேண்டும். தலைக்கு மேல் விளக்கு எரிய வேண்டும். பக்கத்தில் துப்ப ஒரு கிண்ணம் வேண்டும்.

என் அக்காவிடம் இந்த நாற்காலியைத் தவிர எல்லாம் இருந்தது. பல் மருத்துவப் பட்டம் இருந்தது. சலவைக் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த ஓர் அறை இருந்தது. கீழே இஸ்திரி போடும் சூடு தரை வழியாக ஏறி அறைக்குள் வரும். கண்ணாடி அலமாரியில் இடுக்கிகள் அளவுவாரியாக அடுக்கி இருந்தன. ஒரு பெரிய டாக்டரிடம் நான்கு வருடம் உதவியாளராக இருந்து, அவள் அடைத்த பல்லுக்கெல்லாம் அவர் பெயர் வாங்கிப்போனதைப் பார்த்துச் சேர்த்துவைத்த கோபம் இருந்தது. உரிமம் தரும் அதிகாரி அறையைப் பார்வையிட வரும் தேதியும் இருந்தது. அதற்கு ஏழு வாரம். அன்று அறையில் சொந்த நாற்காலி இல்லையென்றால் விண்ணப்பம் ரத்து, மறு விண்ணப்பத்துக்கு இரண்டு வருடம் பொறுக்க வேண்டும்.

புது நாற்காலி மூன்று லட்சம். அக்காவின் சேமிப்பு அறுபதாயிரம். இந்த இடைவெளியில்தான் உபரிப் பொருள் அகற்றல் பிரிவு எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது.

அரசாங்கத்துக்கு வேண்டாத பொருட்களை விற்று அகற்றுவது இந்தப் பிரிவின் பணி. முன்பெல்லாம் ஒரு மைதானத்தில் பொருட்களைப் போட்டு, ஒருவர் மேசையில் தட்ட, கூட்டம் விலை சொல்ல, சாயங்காலத்துக்குள் எல்லாம் போய்விடுமாம். அது நாகரிகமாக இல்லை என்று இப்போது எல்லாவற்றையும் இணையத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இணையதளத்தின் நெற்றியில் "வரிசையில்லை, காகிதமில்லை, ஒளிவுமறைவில்லை" என்று எழுதியிருக்கும். பதிவு செய்ய ஒன்பது காகிதங்களை ஸ்கேன் செய்து அனுப்பினோம்.

மூடிப்போன ஓர் அரசு பல் மருத்துவமனையின் நாற்காலி அதில் ஏலத்துக்கு வந்திருந்தது. ஒரே ஒரு புகைப்படம். அதுவும் நாற்காலியின் முதுகுப்பக்கம். ஓரத்தில் படம் எடுத்தவரின் கட்டைவிரல். நாற்காலி மேல் யாரோ தரை துடைக்கும் துடைப்பானைக் காயப்போட்டிருந்தார்கள். "நிலை: உள்ளபடி" என்று விவரம். கேள்வி கேட்க ஒரு பெட்டி இருந்தது. நான் கேட்டேன்.

"நாற்காலியின் மோட்டார் இயங்குகிறதா?"

மூன்றாம் நாள் பதில் வந்தது. "பொருள்: நாற்காலி."

"விளக்கு எரிகிறதா? துப்பும் கிண்ணம் உடைந்திருக்கிறதா?"

"விளம்பரத்தைப் பார்க்கவும்."

"விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன். ரிசர்வ் விலை எவ்வளவு?"

"ரகசியம்."

ரிசர்வ் விலை என்றால், இதற்குக் குறைந்து விற்கமாட்டேன் என்று விற்பவர் மனதுக்குள் வைத்திருக்கும் விலை. இதை வெளியே சொல்வதில்லை. நம் கண்ணைக் கட்டிவிட்டு, சுவர் எங்கே இருக்கிறது என்று சொல்லாமல், தைரியமாக ஓடு என்கிற ஏற்பாடு. நான் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கிறேன். விலை என்பது வாங்குபவரும் விற்பவரும் சந்திக்கும் புள்ளி என்று முதல் வாரமே கரும்பலகையில் வரைந்து காட்டினார்கள். அந்தப் புள்ளிக்கு விற்பவர் வரவே மாட்டார் என்று யாரும் சொல்லவில்லை.

ஏலம் செவ்வாய்தோறும் மாலை நான்கு மணிக்கு முடியும். முதல் சுற்றில் அக்காவின் கணக்கில் நான்தான் உட்கார்ந்தேன். எங்களுக்கு 'ஏலதாரர் 2' என்று எண். திரையில் ஒரு கடிகாரம் சிவப்பாகத் துடித்தது. ஒரு தீச்சுவாலைப் படத்தின் பக்கத்தில் "இப்போது 4 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று ஓடியது. ஒவ்வொரு முறை விலை கேட்டதும் காகிதப் பூக்கள் கொட்டி, "அசத்திட்டீங்க, சாம்பியன்" என்று வந்தது. முப்பத்தெட்டாயிரத்தில் நாங்கள் முதலிடம். மணி நான்கு. பூ கொட்டியது. பூவுக்கு அடியில் இரண்டு வரி.

"வாழ்த்துகள். ரிசர்வ் விலை எட்டப்படவில்லை."

அக்கா அதற்குள் மாடிப்படியின் அகலத்தை அளந்துவிட்டு, சுமை ஏற்றும் வண்டிக்காரரிடம் நேரமும் சொல்லியிருந்தாள்.

இரண்டாவது வாரம் நாற்பத்தேழாயிரம். எட்டப்படவில்லை. மூன்றாவது வாரம் அக்கா, "எல்லாத்தையும் போடுடி" என்றாள். அறுபதாயிரம். வாழ்த்துகள். எட்டப்படவில்லை.

நான்காவது வாரம் ஏலத்தில் கலந்துகொள்ளாமல் அலுவலகத்துக்கே போனேன். திரையோடு வாதாட முடியாது. ஆளோடு முடியும் என்று நினைத்தேன்.

அலுவலகம் இரண்டாவது மாடி. உள்ளே நுழைந்ததும் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு வரைபடம். கோடு இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு விமானம் போல ஏறிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஒரு கேடயம். அறையெங்கும் ஏலத்துக்கான சீட்டுக் கட்டிய பொருட்கள்: இறக்கை இல்லாத மின்விசிறி, ஒற்றைச் சக்கர சைக்கிள், மூன்று கால் மேசை. ஏல அலுவலர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். மிகவும் மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார். உட்காரப் போன நாற்காலியிலும் சீட்டுக் கட்டியிருந்தது.

"சார், மூணு வாரமா நாங்கதான் அதிக விலை கேட்டிருக்கோம். ஏன் கொடுக்க மாட்டேங்கறீங்க?"

"நாங்க எங்கம்மா கொடுக்க மாட்டேன்னோம்? ரிசர்வ் விலை எட்டலை."

"அது எவ்வளவுன்னாவது சொல்லுங்க. எட்டிட்டுப் போறோம்."

"அதை எப்படிம்மா முன்னாடியே சொல்ல முடியும்? ஏலம் முடிஞ்சப்புறம்தானே அதை நிர்ணயிக்கிறோம்."

எனக்குக் காது சரியாக இருக்கிறதா என்று ஒரு நொடி சந்தேகம் வந்தது. "முடிஞ்சப்புறமா?"

"ஆமா. முன்னாடியே நிர்ணயிச்சா, ஜனங்க எவ்வளவு கொடுப்பாங்கன்னு தெரியாமலே நிர்ணயிச்ச மாதிரி ஆயிடும் இல்லையா? அது பொறுப்பில்லாத காரியம்." நீல அட்டை போட்ட ஒரு புத்தகத்தைத் திறந்து விரலை ஓட்டினார். "மதிப்புக் காப்பு விதி. சுற்றில் வந்த உச்ச விலை, அதோட பத்தில ஒரு பங்கு. ரெண்டையும் கூட்டினா ரிசர்வ் விலை."

"ஏன் சார் பத்தில ஒரு பங்கு கூட?"

"நீங்க அறுபதாயிரம் கேட்டீங்க. லாபம் இல்லாமலா கேப்பீங்க? அப்போ பொருளோட உண்மையான மதிப்பு அறுபதுக்கு மேலதானே? அரசாங்கச் சொத்தை மதிப்புக்குக் குறைச்சு விக்கலாமா? நீங்களே சொல்லுங்க, படிச்சவங்க."

"அப்படிப் பார்த்தா யாராலயும் எப்பவும் எட்ட முடியாதே."

"எட்டணும்னு விதியில எங்கேயும் இல்லையேம்மா."

"உங்க பிரிவோட பேரே அகற்றல் பிரிவு."

"பேர் பழைய காலத்துல வச்சது." அவர் சுவரிலிருந்த வரைபடத்தைப் பெருமையோடு காட்டினார். "நான் பொறுப்பேத்தப்போ இந்தப் பிரிவுல இருந்த சொத்து ஒன்பது லட்சம். இன்னிக்கு ஒன்றரைக் கோடி. ஒரு ஆணி வாங்கலை. அதே சைக்கிள், அதே மின்விசிறி. வாரா வாரம் ஜனங்க வந்து கேக்கக் கேக்க மதிப்பு ஏறுது. விக்கிறதுன்னா எந்த மடையனும் விப்பான்மா. வித்துட்டா இந்தக் கோடு என்னாகும்?"

கோடு என்னாகும் என்று எனக்கும் ஒரு நிமிடம் கவலையாகத்தான் இருந்தது. அவர் பேச்சில் அப்படி ஒரு பொறுப்புணர்ச்சி. பிறகு நிதானத்துக்கு வந்து கேட்டேன். "சரி சார். ஒரு சுற்றுல யாருமே கேக்கலைன்னா?"

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். பக்கங்களைப் புரட்டினார். ரொம்ப நேரம் புரட்டினார்.

"உச்ச விலை பூஜ்யம். அதுல பத்தில ஒரு பங்கு பூஜ்யம். ரிசர்வ் விலை பூஜ்யம். மறுநாள் காலையில எந்த ஏலதாரர் முதல்ல வந்து எழுதிக்கொடுக்கறாரோ, அவருக்கு இலவசம்."

"இலவசமா?"

"விதி அப்படித்தான் சொல்லுது. ஆனா அப்படி ஒரு சுற்று இதுவரைக்கும் நடந்ததில்லைம்மா." அனுதாபத்தோடு என்னைப் பார்த்தார். "ஜனங்களால கேக்காம இருக்க முடியாது."

இந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைச் சுட்டது. ஜனங்கள் என்றால் ஏதோ வாயில்லாப் பிராணிகள் என்று நினைத்துவிட்டார். நான் இதை ஒரு கொள்கைப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை, ஏலதாரர்கள் நேரில் வந்து பொருளைப் பார்வையிடும் நாள். அக்கா அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னோடு கிடங்குக்கு வந்தாள். திரையில் எண்களாக இருந்த மற்ற மூன்று பேரும் அங்கே கைகால்களோடு நின்றார்கள்.

ஒருவர் காபிக் கடைக்காரர். அழகாகக் கத்தரித்த தாடி, வேண்டுமென்றே கிழித்த கால்சட்டை. அவர் கடையில் மேசைக்குப் பதில் ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர்களாம், தண்ணீர் தருவது மருந்து சீசாவிலாம். இப்போது வாடிக்கையாளர்கள் சாய்ந்து படுத்துப் படம் எடுத்துக்கொள்ள ஒரு பல் நாற்காலி வேண்டும். "பழசுதாங்க இப்போ புதுசு" என்றார்.

"காபி எப்படி இருக்கும்?" என்றாள் அக்கா.

"காபி சுமார்தான். அதுக்காக யாரும் வர்றதில்லை."

இன்னொருவர் பச்சை குத்துபவர். கழுத்துவரை படம். பாயில் படுக்கவைத்துக் குத்தினால் வாடிக்கையாளர்கள் எழுந்து ஓடிவிடுகிறார்களாம். சாய்ந்த நாற்காலியிலிருந்து அவ்வளவு சுலபமாக ஓட முடியாதாம்.

மூன்றாமவர் பழைய இரும்பு வாங்கும் அம்மா. கையில் காந்தம். வந்ததும் நாற்காலியின் நான்கு பக்கமும் ஒட்டிப் பார்த்து, "இரும்பு தொண்ணூறு கிலோ தேறும். மோட்டார் தனி" என்றார்.

"அதுக்கு அம்பதாயிரத்துக்கு மேல கேக்கறீங்களேம்மா, கட்டுமா?" என்றேன்.

"கட்டாதுதான். ஆனா நீங்கள்லாம் விடாம கேக்கறீங்களே. அப்போ உள்ளே ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?"

அந்த அம்மாவை ஏல அலுவலராகவே நியமிக்கலாம் என்று தோன்றியது.

அக்கா எங்கள் யார் பேச்சையும் கேட்கவில்லை. துடைப்பானை எடுத்து ஓரமாக வைத்தாள். வெளிர் பச்சை நாற்காலி. இணைப்பைச் சொருகி, காலால் மிதியை அழுத்தினாள். சத்தமே இல்லாமல் எழுந்தது. சாய்ந்தது. விளக்கைப் போட்டாள், எரிந்தது. நாற்காலியின் தலைமாட்டில், டாக்டர் நிற்கும் இடத்தில் போய் நின்று, இரண்டு கையையும் முன்னால் நீட்டி உயரம் பார்த்தாள். நான்கு வருடமாக அவள் அந்த இடத்துக்கு ஒரு அடி இடப்பக்கமாக, உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவள். முகத்தை என்னிடம் காட்டாமல் திரும்பிக்கொண்டாள்.

நான் அங்கேயே ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். விதியை விளக்கினேன். நாம் கேட்கக் கேட்க விலை நம்மைவிட்டு ஓடும், நாம் நின்றால் அது நம் காலடியில் வந்து விழும் என்றேன். வரும் செவ்வாய் நான்கு பேரும் ஒரு சல்லிக்காசு கேட்கக் கூடாது. புதன் காலை அக்கா மட்டும் போய் எழுதிக்கொடுப்பாள்.

"எனக்கென்ன லாபம்?" என்றார் இரும்புக்கார அம்மா. நியாயமான கேள்வி.

அக்கா அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லி வாயைத் திறக்கவைத்து விளக்கைத் திருப்பினாள். "மேல ரெண்டு பல் ஆடுது. கீழ ஒண்ணு எடுத்தே ஆகணும். எல்லாம் காசு வாங்காம பண்ணித் தரேன்மா."

"ஆயுசுக்கும்?"

"பல் இருக்கறவரைக்கும்."

பச்சை குத்துபவர், "பல்லுல சின்னதா ஒரு பச்சைக் கல் பதிப்பீங்களா? இப்போ அதான் ஓடுது" என்றார். பதிக்கலாம் என்றாள். காபிக் கடைக்காரர் கிண்ணத்தைத் தடவிப் பார்த்து, "இதை மட்டும் எனக்குக் கொடுத்துடுங்க. சர்க்கரை வைக்க" என்றார்.

"அது துப்பற கிண்ணம் சார்."

"தெரியும். அதான் வேணும்."

புதுக் கிண்ணம் தனியாகக் கிடைக்கும், கொடுக்கிறேன் என்றாள் அக்கா. எல்லோரும் கைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தோம். ஏல அலுவலர் கிடங்கு வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் கவலையே இல்லை. அது எனக்கு அப்போது திமிராகப் பட்டது.

செவ்வாய்க்கிழமை. உரிம அதிகாரி வர இரண்டே நாள். நான் பல்கலைக்கழக நூலகத்தில் ஜன்னலோரம் மடிக்கணினியைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். கேட்பதற்கல்ல; சும்மா, வரலாற்று நிகழ்ச்சியைப் பார்க்க. மூன்றரை வரை விலைப் பெட்டி காலியாக இருந்தது. மூன்றே முக்கால், காலி. எனக்குக் கண் கலங்கியது. ஜனங்கள் மேல் ஒரு மதிப்பு வந்தது.

அப்போதுதான் தீச்சுவாலைப் பக்கத்தில் அந்த வரியைப் பார்த்தேன். "இப்போது 4 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்."

நாலு பேர். ஒருத்தி நான். மற்ற மூன்று பேர் ஏன் பார்க்கிறார்கள்? கேட்கப்போவதில்லை என்று சத்தியம் செய்தவர்களுக்கு இங்கே என்ன வேலை? நான் பார்ப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவர்களுக்கு என்ன காரணம் இருக்க முடியும்?

மூன்று ஐம்பத்தைந்து. நான்கு பேர். அந்தப் பச்சை குத்துபவன் சத்தியம் செய்தபோது கண்ணைப் பார்க்காமல் பேசினான். காபிக் கடைக்காரன் கிண்ணத்தோடு திருப்திப்படுகிற ஆளா? மூன்று ஐம்பத்தெட்டு. யாரோ ஒருவர் கடைசி நொடியில் கேட்கப்போகிறார் என்பது எனக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. அவர் கேட்டுவிட்டால் எல்லோரும் கேட்பார்கள். அதைத் தடுக்க ஒரே வழிதான் உண்டு. முதலில் ஒரு சிறிய தொகையை நான் கேட்டுவிட வேண்டும். நாங்கள் விழித்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தால் அவர்கள் பயந்து பின்வாங்குவார்கள். பொருளாதாரத்தில் இதற்குப் பெயரே உண்டு. நூறு என்று தட்டினேன்.

காகிதப் பூ கொட்டியது. அசத்திட்டீங்க, சாம்பியன்.

நான்கு நொடி அமைதி. ஏலதாரர் 4: ஐந்நூறு. ஏலதாரர் 1: ஐயாயிரம். ஏலதாரர் 3: இருபதாயிரம்.

கடைசி நிமிடத்தில் வரும் ஒவ்வொரு விலைக்கும் கடிகாரம் இரண்டு நிமிடம் நீளும். நான்கு மணிக்கு முடிய வேண்டியது நான்கரை ஆனது. நான்கரைக்கு ஒரு லட்சம். இதில் ஒரு பெரிய சுதந்திரம் இருந்தது: ரிசர்வ் விலை எட்டப்போவதில்லை என்று நால்வருக்கும் தெரியும், விளக்கியவளே நான்தான். கொடுக்க வேண்டிய அவசியமே இல்லாத பணத்தை யாரும் இறுக்கிப் பிடிப்பதில்லை. இரும்புக்கார அம்மா தொண்ணூறு கிலோ இரும்புக்கு ஒன்றரை லட்சம் கேட்டார். நூலகர் வந்து, "சத்தம் போட்டுத் திட்டாதீங்க" என்றார். நான் திட்டிக்கொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை. ஐந்தரைக்கு அலுவலக நேரம் முடிந்து தளம் தானாக மூடிக்கொண்டது. உச்ச விலை மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம். முதலிடம், ஏலதாரர் 2.

வாழ்த்துகள். ரிசர்வ் விலை எட்டப்படவில்லை.

வெளியே வந்து மூவருக்கும் போன் செய்தேன்.

"நான் சும்மா பார்த்துக்கிட்டு மட்டும்தான் இருந்தேன்" என்றார் காபிக் கடைக்காரர். "யாரோ நூறு போட்டாங்க. மனசு கேக்கலை."

"நூறு போட்டவன் நாசமாப் போவான்" என்றார் இரும்புக்கார அம்மா. "ஒரு டாக்டர் பொண்ணு வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டானே."

"யாரா இருக்கும்?" என்றார் பச்சை குத்துபவர். "நீங்களா?"

"எங்க நாற்காலிக்கு நாங்களே எதுக்குங்க போடப்போறோம்?" என்றேன். இது ஒரு கேள்வி மட்டுமே. பதில் அல்ல.

அக்கா வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "புதன்கிழமை எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

சொன்னேன். நூறைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. எழுந்துபோய் வண்டிக்காரருக்குப் போன் செய்து, நாளைக்கு வர வேண்டாம் என்றாள்.

இரண்டு நாள் கழித்து உரிம அதிகாரி வந்தார். சலவைக் கடை மாடி அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"நாற்காலி எங்கே?"

"ஏலத்துல இருக்கு சார்."

"யார் ஏலத்துல?"

"அரசாங்க ஏலத்துல."

"அப்போ அரசாங்கத்துக்கிட்ட இருந்து வாங்கிட்டு வந்து வைங்க."

"நீங்க அரசாங்கம் இல்லையா சார்?"

"நான் வேற பிரிவு" என்று சொல்லி, படிவத்தில் ஒரே ஒரு கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து அக்கா பெயருக்கு ஒரு கடிதம் வந்தது, உபரிப் பொருள் அகற்றல் பிரிவிலிருந்து. மேற்படி பல் நாற்காலியின் மதிப்பு மூன்று லட்சத்தைக் கடந்து அது உயர்மதிப்புச் சொத்தாகிவிட்டபடியால், விதிப்படி அதற்குத் தொழில்நுட்ப மதிப்பீட்டாளர் ஒருவரை நியமிக்க வேண்டியிருப்பதாலும், பதிவேட்டில் பல் மருத்துவப் பட்டம் பெற்ற ஒரே ஏலதாரர் தாங்களே ஆவதாலும், மாதச் சம்பளத்தில் அப்பணியை ஏற்க இயலுமா எனத் தெரிவிக்கவும்.

சம்பளம், பெரிய டாக்டர் கொடுப்பதைப்போல இரண்டு மடங்கு. காலை பத்து முதல் மாலை ஐந்தரை.

"போகக் கூடாது" என்றேன். "இது லஞ்சம். இது அவமானம். அந்தக் கோட்டுக்கு நீ முட்டுக்கொடுக்கப் போறியா?"

"நீ வாதாடி முடிச்சதும் சொல்லு" என்றாள் அக்கா. "நான் சட்டைக்கு இஸ்திரி போடணும்."

இப்போது அவளுக்கு இரண்டாவது மாடியில் தனி அறை. நாற்காலிக்குத் தூசி ஆகாது என்று குளிர்சாதனம் போட்டிருக்கிறார்கள். காலையில் ஒருமுறை நாற்காலியை ஏற்றி இறக்கிப் பார்க்கிறாள். "நன்றாக உள்ளது" என்று பதிவேட்டில் எழுதுகிறாள். செவ்வாய் மாலை ஐந்தரைக்கு உச்ச விலையோடு பத்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கையெழுத்துப் போடுகிறாள். முதல் மாதம் வீட்டுக்கு வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துக்கொள்வாள். இரண்டாவது மாதம் புதுப் புடவை. மூன்றாவது மாதம் சலவைக் கடை மாடி அறையைக் காலி செய்தாள். இடுக்கிகளை இணையத்தில் விற்கலாம் என்று அப்பா சொன்னபோது, "எவ்வளவுக்குக் கேப்பாங்கன்னு பார்த்துட்டு அப்புறம் விலை வைக்கலாம்" என்றாள்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று நிறுத்தினாள்.

"கேக்கறவங்க குறைஞ்சுட்டாங்க. காபிக் கடைக்காரர் கடையை மாத்திட்டாராம், இப்போ சிறைச்சாலை மாதிரி பண்றாராம். இரும்புக்கார அம்மா பல் செட்டு வச்சுக்கிட்டாங்க. பச்சை குத்தறவர் மட்டும்தான். அவரும் ஒரு வாரம் விட்டுட்டார்னா?"

"விட்டா பூஜ்யம். யாரோ ஒருத்தருக்கு நாற்காலி இலவசமாப் போகும்" என்றேன். "நல்லதுதானே? நாம கேட்டதும் அதுதானே?"

"நாற்காலி போனா, அதுக்கு மதிப்பீட்டாளர் எதுக்கு?"

பிறகு அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து, என் மடிக்கணினியைத் திறந்து, தன் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினார். ஒன்பது காகிதங்களையும் நான்தான் ஸ்கேன் செய்தேன். மதிப்பீட்டாளரின் உறவினர்கள் பொருளை வாங்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. நன்றாகப் படித்துப் பார்த்தேன். வாங்கத்தான் கூடாது. கேட்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. நாங்கள் வாங்கப்போவதில்லை என்பதற்கு அக்காவே அத்தாட்சி.

என் வகுப்பில் இருபத்திரண்டு பேரிடம் பேசிவிட்டேன். எல்லோரும் அந்தப் பிரிவின் மேல் கடும் கோபத்தில் இருக்கிறார்கள், பதிவும் செய்துவிட்டார்கள். ஆனாலும் அக்காவின் வேலை நிரந்தரமாக இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. ஆகவே இதைப் படிப்பவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். செவ்வாய்தோறும் நான்கு மணிக்குள் ஆளுக்கு ஒரு விலை கேளுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள், பூ கொட்டும். எங்கே நாற்காலி நம் தலையில் வந்து விழுந்துவிடுமோ என்று யாரும் பயப்பட வேண்டாம். அப்படி விழாமல் பார்த்துக்கொள்ளத்தான் அக்காவுக்குச் சம்பளம்.